கடைக்காரரிடம் திட்டு வாங்காமல் காபி குடிப்பது எப்படி: மதுரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு கடையில் எனக்குக் காபி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காலை பத்தேமுக்கால் இருக்கும். கடை திறந்துதான் இருந்தது. பித்தளை ஃபில்டர் பளபளவென்று நின்றது. காபித்தூள் வாசனை சந்து முனை வரைக்கும் வந்தது. பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் தலையைத் தூக்காமலே, “டிகாஷன் தீந்துபோச்சு தம்பி, சாயங்காலம் வாங்க” என்றார். அதுதான் தூள் இருக்கிறதே, இன்னொரு தடவை போட்டால் ஆகாதா என்று கேட்டேன். “போடலாம். இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பால் நிக்காது. நீங்க நிப்பீங்களா?” என்றார். வியாபாரம் பண்ணத் தெரியாத மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு அடுத்த தெருவில் டீ குடித்துவிட்டுப் போனேன்.

அதற்கப்புறம் ஆறு வருஷமாக அந்தக் கடைக்குத்தான் போகிறேன். பெயர்ப் பலகை கிடையாது. மேல மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், கூட்டம் சேர்ந்தால் அவருக்குப் பிடிக்காது. இதுபோல ஒரு ஆள் நடத்தும் தனிக்கடைகள் மதுரையில் இன்னும் சில உண்டு. ஒவ்வொன்றிலும் கடைக்காரருக்கென்று தனிச் சட்டம் இருக்கும். பார்த்தவுடன் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். கொஞ்ச நாள் போனால் தெரியும், அதில் முக்கால்வாசி டிகாஷனும் பாலும் போட்ட சட்டம். மீதிக் கால்வாசி நிஜமாகவே கிறுக்குத்தனம். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு போனால் நல்ல காபி கிடைக்கும், திட்டும் விழாது.

முதலில், கடையைக் கண்டுபிடிப்பது

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நிற்பது மேல வெளி வீதி. டவுன் ஹால் ரோட்டில் கோயிலைப் பார்த்து நடந்தால் மேல மாசி வீதி குறுக்கிடும், அடுத்து மேல ஆவணி மூல வீதி, அப்புறம் மேலச் சித்திரை வீதி, அதோடு மேலக் கோபுரம். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள், தமிழ் மாதப் பெயர்கள். நீங்கள் நிற்பது மேலயா கீழயா, மாசியா ஆவணி மூலமா என்று தெரிந்தால் போதும், பழைய ஊருக்குள் தொலைந்து போக முடியாது. வண்டியை எங்காவது நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும். சந்துக்குள் வண்டியோடு நுழைந்து, திருப்ப இடமில்லாமல் கடை வாசலில் நின்று முழித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைக்காரரின் முதல் திட்டு அங்கேயே விழும்.

பாய்லரும் துணி வடிகட்டியும் முன்னால் நின்றால் அது டீக்கடை. அங்கேயும் காபி போடுவார்கள், பல இடங்களில் அது பாலில் கலக்கும் உடனடிக் காபித்தூள். குற்றமில்லை, வேறு சரக்கு. நாம் தேடும் கடையில் ஃபில்டர் கண்ணில் படும், கண்ணாடி கிளாஸுக்குப் பதில் டவரா டம்ளர் இருக்கும். விலைப்பட்டியல் அனேகமாக இருக்காது. நின்றுகொண்டு குடிப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள். எதுவும் பிடிபடவில்லையா, காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்குப் போய், “உங்ககிட்ட தூள் வாங்குற கடையில எது நல்லாருக்கும்ணே?” என்று கேளுங்கள். எந்தக் கடைக்கு என்ன தூள் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

எப்போது போவது

இதில்தான் நான் கோட்டை விட்டேன். எங்கள் கடையில் பாக்கெட் பால் கிடையாது, கறந்த பால். விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, மதியம் மூன்று மணிவாக்கில் ஒரு தடவை கேனில் வரும். வந்ததைக் காய்ச்சி அப்போதே தீர்ப்பார். பாலை அடுப்பிலேயே வைத்துத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டால் கெட்டியாகும், ஏடு கட்டும், ஒரு காய்ந்த வாடை வரும். அந்த வாடை டிகாஷனை அமுக்கிவிடும். டிகாஷனும் அப்படித்தான். இறங்கின ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கிற வாசனை அப்புறம் இருக்காது. அடுப்பில் நேராக வைத்துச் சூடு பண்ணினால் கசப்புதான் மிஞ்சும். ஆக, காலைப் பாலும் காலை டிகாஷனும் ஒன்றாகத் தீரும் நேரத்தில் கடை மூடுகிறது. பத்தரை என்பது அவர் வைத்த நேரமில்லை.

காலையில் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள். சாயங்காலம் நாலிலிருந்து ஆறரைக்குள். கோயில் நடை மதியம் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும் என்பதால், நாலுக்குச் சற்று முன்னால் வெளியூர்க்காரர்கள் கூட்டம் இருக்கும். நாலரைக்குப் போனால் நிம்மதி. தூங்கா நகரம் என்று பெயர் கேட்டு நள்ளிரவில் ஃபில்டர் காபி தேடாதீர்கள். அந்த நேரத்துக்குப் பேருந்து நிலையங்களைச் சுற்றி டீ தாராளமாகக் கிடைக்கும். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று இந்தப் பக்கமே வர முடியாது, தேர் சுற்றுவது மாசி வீதிகளில்தான். திருக்கல்யாணத்துக்கு மறுநாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது

சென்னையிலிருந்து வந்தவர்கள் ‘சர்க்கரை’ என்பார்கள். இங்கே சீனி. சர்க்கரை என்று சொன்னாலும் புரியும், “எந்தச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரையா?” என்று ஒரு கேள்வி கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

சீனி வேண்டாமென்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். “ஒரு காபி... ஸ்ட்ராங்கா... சீனி இல்லாம” என்று இழுத்தால், நீங்கள் ‘ஸ்ட்ராங்’ சொல்வதற்குள் டம்ளரில் சீனி விழுந்திருக்கும். சீனி முதலில், அதன் மேல் டிகாஷன், அதன் மேல் பால் என்பதுதான் கை ஓடும் வரிசை. “சீனி இல்லாம ஒரு காபிண்ணே” என்றால் காரியம் முடிந்தது. குறைவாக வேண்டுமா, “சீனி கம்மி.” கலக்காமல் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடியில் கிடக்கும் சீனியைக் கடைசி மடக்குக்கு வைத்துக் குடிப்பவர் ஒருவர் தினமும் வருகிறார். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, நான் செய்து பார்த்துவிட்டேன்.

‘ஸ்ட்ராங்’ என்றால் டிகாஷன் கூடும், பால் குறையும். கொதிக்கக் கொதிக்க இருப்பது பால்தான், டிகாஷன் இளஞ்சூட்டில் இருக்கும். அதனால் ஸ்ட்ராங் காபி எப்போதும் ஒரு சுற்று சூடு குறைவாகத்தான் வரும். ஸ்ட்ராங்காகவும் வேண்டும், வாய் சுடவும் வேண்டும் என்றால் ஃபில்டர் காபியில் நடக்காத காரியம். டிகாஷனைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்திவைத்து ஓரளவு சமாளிப்பார்கள். எங்கள் கடையிலும் அப்படித்தான். ‘லைட்’ என்பது பால் தூக்கலான காபி. பால் இல்லாதது வரக்காப்பி. ‘பிளாக்’ என்று கேட்டால் “வரக்காப்பியா?” என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வார்.

கருப்பட்டிக் காபி ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதுவும் பால் சேர்க்காமல், சுக்கு தட்டிப் போட்டது. பாலோடு கேட்டு ஒருவர் ரொம்ப நேரம் வாதாடினார். கொதிக்கிற பாலில் கருப்பட்டி விழுந்தால் திரிய வாய்ப்பு அதிகம். பாலை இறக்கிச் சற்று ஆறவிட்டு, கருப்பட்டிப் பாகை வடிகட்டிச் சேர்த்தால் தப்பிக்கலாம், வீட்டில் அதற்கு நேரம் இருக்கிறது. நாற்பது பேர் நிற்கும் கடையில் இல்லை. கடைக்காரர் இவ்வளவும் விளக்கவில்லை. “திரிஞ்சா நீங்க குடிப்பீங்களா?” என்பதோடு முடித்துக்கொண்டார்.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் சென்ற வருஷம் ‘லாட்டே’ கேட்டாள். கடையே அமைதியாகிவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தோம். “அப்படின்னா என்னம்மா?” என்றார். காபியில் பால் நிறைய என்று அவள் சொன்னாள். “அப்ப லைட்டு” என்று போட்டுக் கொடுத்தார். இரண்டாவது டம்ளர் அவளே ‘ஸ்ட்ராங்’ கேட்டு வாங்கினாள். தெரியாமல் கேட்பவர்களிடம் அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. தெரிந்த மாதிரி கேட்பவர்களிடம்தான் படுவார்.

இனி அந்தக் கால்வாசிக் கிறுக்குத்தனம். காலை வானொலிச் செய்தி ஓடும்போது வாயால் ஆர்டர் சொல்லக்கூடாது. விரல் காட்ட வேண்டும். ஒரு விரல் ஒரு காபி, கட்டை விரல் மேலே என்றால் ஸ்ட்ராங், உள்ளங்கையை மூடினால் சீனி இல்லாமல். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பழக வேண்டியதுதான். ‘ஒன் பை டூ’ எழுபது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். எதற்கு என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், காரணம் தட்டுப்படவில்லை.

குடிப்பது

டம்ளரைக் கவிழ்த்து டவராவில் ஊற்றி, திரும்ப டம்ளருக்கு, இரண்டு மூன்று தடவை. கையை ரொம்ப உயரம் தூக்க வேண்டாம், சட்டை உங்களுடையது. ஆற்றுவதில் சீனி கரையும், சூடு வாய்க்குப் பதமாகும், நுரை ஏறும். அவரே ஆற்றித்தான் தருகிறார் என்றால் ஒரு தடவை போதும், மேலும் மேலும் ஆற்றினால் சில்லிட்டுப் போகும். டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருப்பது அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வாட்டமாக இருக்கும். பெரியவர்கள் இன்னும் அப்படிக் குடிக்கிறார்கள். வாய் வைத்துக் குடித்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

பெஞ்சு ஒன்றே ஒன்று. காலியாகத் தெரியும், காலி இல்லை. ஏழு மணிக்கு வருகிற நால்வருடையது அது. ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மற்றவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் போய் உட்கார்ந்தால் எழுப்பமாட்டார்கள், சுற்றி நின்று உங்களையே பார்த்துக்கொண்டு குடிப்பார்கள். அதைவிட எழுந்து நிற்பது மேல்.

டம்ளரை வாங்கிக்கொண்டு போனில் பேச ஆரம்பிக்காதீர்கள். சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது: ‘போன் பேசுபவர்களுக்கு ஆறிய காபி.’ மிரட்டல் மாதிரி இருக்கும், உண்மையில் தகவல்தான். ஒருவர் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்து “சூடே இல்லையே” என்றார். கடைக்காரர் சுவரைப் பார்த்தார். அவரும் சுவரைப் பார்த்தார். குடித்துவிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

சரியில்லை என்றால் சொல்லலாமா

சொல்லலாம், முதல் மடக்கிலேயே. பாதி குடித்தபிறகு சொல்வது எந்தக் கடையிலும் எடுபடாது. எது சரியில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘நல்லால்ல’ என்றால் அவர் முகம் மாறும். ‘கசக்குது’, ‘தண்ணியா இருக்கு’, ‘பால் வாடை வருது’ என்றால் காது கொடுப்பார்.

ஒரு நாள் நான் ‘லேசாகக் கருகின வாடை வருகிறது’ என்று சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. ஒரு கரண்டி டிகாஷனை எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார். தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். பிறகு ஃபில்டரைத் தூக்கி, அன்றைக்கு இறக்கின டிகாஷன் அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார். மணி ஆறரை. பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். “வறுவல் கூடிப்போச்சு. இன்னிக்கு கடை இல்ல” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே குடித்தவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார். நின்றவர்கள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பெஞ்சுத் தலைமையாசிரியர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

காசு

குடித்து முடித்து, டம்ளரையும் டவராவையும் தொட்டியில் வைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். முன்பணம் நீட்டினால் வாங்கமாட்டார். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிபே அட்டை தொங்குகிறது, ஆனால் அது அவர் தங்கை மகனுடைய எண். அந்தப் பையன் கடையில் இருந்தால்தான் செல்லும்.

பார்சல்

கிடையாது. இதை எடுத்தவுடன் கிறுக்குத்தனத்தில் சேர்த்துவிடாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சூடாக ஊற்றிக் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பையும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. ஊரில் எல்லோரும் அப்படியே கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். இவர் கடைப்பிடிக்கிறார். தூக்குவாளியோ ஃபிளாஸ்கோ கொண்டுபோனால் முகம் மலர்ந்து ஊற்றுவார், அளவும் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, டிகாஷனைத் தனியாகவும் வாங்கலாம். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் பாத்திரம் கொண்டுபோங்கள். ஏழு மணிக்குள் கேட்க வேண்டும், அதற்குமேல் கடைக்கே பத்தாது. வீட்டில் கால் டம்ளர் டிகாஷனுக்கு முக்கால் டம்ளர் பால் என்று ஆரம்பித்து, உங்கள் வாய்க்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கறந்த பால் கிடைக்காவிட்டால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதில் 6 சதவீதம் கொழுப்பு. தண்ணீர் விடாமல் ஒரே ஒரு தடவை காய்ச்சுங்கள். டிகாஷனை அடுப்பில் வைக்காதீர்கள், சுடுதண்ணீருக்குள் பாத்திரத்தை இறக்கி வையுங்கள்.

தூள் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவது

மதுரையிலிருந்து கிளம்பும்போது தூள் வாங்காமல் போகாதீர்கள், காபி விளையும் மலை பக்கத்திலேயே இருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டினால் பட்டிவீரன்பட்டி, அங்கிருந்து மலையேறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு. மர நிழலில் மிளகுக்கொடிகளோடு கலந்து காபிச்செடி நிற்கும். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் சிறுமலையிலும், போடி மலைகளிலும் காபி உண்டு. கார்த்திகை, மார்கழியில் போனால் பழம் சிவந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

அரவைக் கடையில் “காபித்தூள் கால் கிலோ” என்று மட்டும் கேட்டால் அவர்கள் வழக்கமாகப் போடும் கலவை வரும். மூன்று கேள்விக்குப் பதில் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். என்ன கொட்டை? ஒரு காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு தட்டைக் கொட்டை இருக்கும், சிலவற்றில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும். அந்த உருண்டைதான் பீபெரி. தட்டைக் கொட்டையில் பெரிதாகச் சலித்தெடுத்தது பிளாண்டேஷன் ஏ. இரண்டையும் பாதிப் பாதி கலந்து வாங்குபவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். இரண்டாவது, சிக்கரி எவ்வளவு? அது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும், டிகாஷன் மெதுவாக இறங்க உதவும். காஃபின் அதில் இல்லை. காபி-சிக்கரி கலவை என்று விற்பதில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 49 வரைக்கும் சிக்கரி சேர்த்தாலும் சட்டப்படி சரிதான். வாய் அதை ஒப்புக்கொள்ளாது. முதல் தடவை 80க்கு 20 கேளுங்கள். எங்கள் கடைக்காரர் போடுவது 85க்கு 15 என்கிறார்கள், அவர் வாயிலிருந்து வரவில்லை. மூன்றாவது, எதற்கு அரைக்க வேண்டும்? ஃபில்டருக்கு என்று சொல்லுங்கள். ரொம்ப மாவாக அரைத்தால் ஓட்டை அடைத்துக்கொண்டு டிகாஷன் இறங்கவே இறங்காது.

வாங்கின தூளில் சந்தேகமா, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி நிறத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரமே கீழே இறங்கும். சொன்ன அளவைவிட அதிகம் இறங்கினால் அடுத்த தடவை கடையை மாற்றுங்கள். முன்பு நான் குடியிருந்த ஊரில் ஒரு கடையில் வாங்கின தூள், பாதிக்கு மேல் அப்படியே அடியில் போய் உட்கார்ந்தது. இரண்டு வருஷமாக அதைத்தான் காபி என்று குடித்துக்கொண்டிருந்தேன்.

அரைத்த தூள் மெஷினிலிருந்து சூடாக வரும். சூடு ஆறுவதற்குள் டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டும். காகிதப் பையிலேயே வாங்கி, வாய் லேசாகத் திறந்த மாதிரி வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள், வீட்டுக்குப் போய் டப்பாவில் கொட்டிக்கொள்ளலாம். திருமங்கலம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எந்தக் கடைத் தூள் என்று விசாரிப்பார். அப்படியே நல்ல காபி எங்கே கிடைக்கும் என்றும் கேட்பார். சந்துக்கு வழி சொல்லுங்கள், பத்தரைக்குமேல் போக வேண்டாம் என்பதையும் சேர்த்து.